பயிற்சிப் புத்தகத்தில் முழு மார்க், பரீட்சையில் மட்டும் ஏன் குறைகிறது?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள். ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகத்தில் எல்லாம் சரியாகப் போடுகிறாள், அதே மாதிரிக் கேள்வி பரீட்சையில் வந்தால் தப்பாகிறது. தினமும் இருபது வார்த்தை மனப்பாடம் செய்கிறாள், அடுத்த வாரம் கேட்டால் பாதி காணோம். பத்தியைப் படித்தால் புரிகிறது என்கிறாள், கேள்விக்கு எழுதிய விடை மட்டும் வேறு எங்கோ போகிறது. உங்களுக்கே ஆங்கிலம் சுமார்தான், என்ன பயிற்சி கொடுப்பது, இன்னொரு கிராமர் புத்தகம் வாங்கித் தரலாமா என்பதுதான் நீங்கள் கேட்டிருப்பது. மூன்றும் தனித்தனிப் பிரச்சினை போலத் தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. விடையைப் பார்த்தால் அவளுக்கு அடையாளம் தெரிகிறது. ஏன் அதுதான் விடை என்று சொல்லச் சொல்லி இதுவரை யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இலக்கணத்திலிருந்து தொடங்குவோம். அந்தப் பயிற்சிப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பக்கத்தின் தலையில் 'ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், கீழே பதினைந்து வாக்கியம், பதினைந்திலும் ஹாஸ் அல்லது ஹாவ் போட்டால் சரி. வாக்கியத்தை முழுதாகப் படிக்கக்கூட வேண்டியதில்லை, எழுவாய் ஒருமையா பன்மையா என்று பார்த்தால் வேலை முடிந்தது. எந்தக் காலத்தைப் போடுவது என்ற கஷ்டமான பாதியைத் தலைப்பே செய்து கொடுத்துவிடுகிறது. பரீட்சைத் தாளில் அப்படித் தலைப்பு கிடையாது. முதல் கேள்வி காலத்தைப் பற்றி, அடுத்தது ப்ரெபொசிஷன் ('இன்', 'அட்' மாதிரிச் சொற்கள்), அதற்கடுத்தது ஆர்ட்டிக்கிள் ('ஏ', 'ஆன்', 'த'), நாலாவது என்னவென்றே தெரியாது. அவள் பயிற்சி எடுத்தது ஒன்று, அங்கே கேட்கப்படுவது இன்னொன்று.

ஆகவே முதல் மாற்றம், கலந்து போடுவது. புதிதாக ஒரு பாடத்தைக் கற்கும் முதல் இரண்டு நாள் தலைப்பு வாரியாகப் போடட்டும், அதில் தவறில்லை. அப்புறம் ஐந்தாறு பாடங்களிலிருந்து பாடத்துக்கு இரண்டு வாக்கியமாகப் பொறுக்கி, வரிசையைக் கலைத்து, தலைப்பில்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதே இல்லை, பார்த்து எழுதத் தெரிந்தால் போதும். முதல் தடவை மார்க் சரியும். சரியட்டும், அதுதான் அவளுடைய உண்மையான நிலவரம், பரீட்சைக்கு முன்பே தெரிந்துகொண்டது நல்லது.

இரண்டாவது மாற்றம் இதைவிட முக்கியம். ஒவ்வொரு விடைக்கும், வாக்கியத்தில் எந்தச் சொல் அந்த விடையைப் போட வைத்தது என்று அடிக்கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வசதியாக இருக்கும். 'ஷி ____ இன் திஸ் ஹவுஸ் சின்ஸ் 2015' என்றால் 'ஹாஸ் லிவ்ட்' வரும், கோடு 'சின்ஸ்' என்ற சொல்லுக்குக் கீழே விழ வேண்டும். அந்த ஒரே ஒரு சொல்லை 'இன்' என்று மாற்றிவிட்டால் வெறும் 'லிவ்ட்' போதும், ஏனென்றால் அது முடிந்துபோன காலம். இந்த அளவுக்கு நிறைய மாணவர்கள் வந்துவிடுவார்கள். இதற்கு அடுத்த படியில்தான் சறுக்கல். 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ____ ஆல்ரெடி லெஃப்ட்' என்று ஒரு வாக்கியம். 'ஆல்ரெடி'யைப் பார்த்ததும் கை தானாக 'ஹாஸ்' எழுதப் போகும், ஏனென்றால் 'ஆல்ரெடி வந்தால் ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட்' என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்திருப்பாள். இங்கே விடையைத் தீர்மானிக்கிற சொல் 'ரீச்ட்'. நான் போய்ச் சேர்ந்ததே இறந்த காலம், அதற்கும் முன்னால் ரயில் போய்விட்டது, ஆகவே 'ஹாட்'. அடையாளச் சொல் பட்டியல்கள் ஒரு எல்லை வரைதான் உதவும். 'ஷி லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதும் சரி, 'ஷி ஹாஸ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதும் சரி. முதலாவதில் அவள் இப்போது இங்கே இல்லை, இரண்டாவதில் இன்னும் இருக்கிறாள். இரண்டிலும் 'ஃபார் டென் இயர்ஸ்' இருக்கிறது, அதை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. இந்த மாதிரி ஜோடிகளை அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளை விதியை மறந்தாலும் வாக்கியத்தைக் கோட்டை விடாது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு என்றே சில இடங்கள் இருக்கின்றன, பயிற்சி நேரத்தை அங்கே கொட்டலாம். ரிப்போர்ட்டட் ஸ்பீச்சை, அதாவது ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்வதை, எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு 'என்று' என்று ஒரு சொல் இருக்கிறது. 'நான் நாளை வருகிறேன் என்றான்', 'நீ எங்கே போகிறாய் என்று கேட்டான்' என்று அவன் சொன்னதை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடுவோம், 'நான்', 'நாளை' என்ற சொற்கள் மாறாது. ஆங்கிலத்தில் 'தட்' போட்டுவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் சொல்கிறவர் நிற்கிற இடத்துக்கு நகர வேண்டும், 'ஐ' என்பது 'ஹி' ஆகும், 'ஆம்' என்பது 'வாஸ்' ஆகும், 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆகும். கேள்வியாக இருந்தால் இன்னொன்றும் சேர்கிறது. 'ஹி ஆஸ்க்ட் மி வேர் வாஸ் ஐ கோயிங்' என்றுதான் நிறையப் பேர் எழுதுவார்கள். வர வேண்டியது 'வேர் ஐ வாஸ் கோயிங்'. உள்ளே போனதும் அது கேள்வி வரிசையை விட்டுவிடுகிறது, கேள்விக்குறியும் போய்விடுகிறது. இதை விதியாகச் சொல்லிக் கொடுத்தால் கசக்கும். வீட்டில் யார் எதைக் கேட்டாலும் அதை 'ஷி ஆஸ்க்ட் மி...' என்று தொடங்கி ஒரு வாக்கியமாக வாயால் மாற்றச் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் நாக்குக்குப் பழகிவிடும்.

எழுவாய்க்கு ஏற்ற வினையில் நாம் பயப்பட ஒன்றுமே இல்லை. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று ஆளுக்கொரு விகுதி மாற்றிப் பேசுகிறவர்கள் நாம், ஆங்கிலத்தில் இருப்பதோ நிகழ்காலத்தில் ஒற்றை 'எஸ்'. தப்பு வருவது எழுவாய் நீளும்போது. 'த க்வாலிட்டி ஆஃப் தீஸ் ஃபோட்டோஸ் ____ குட்' என்றால் பக்கத்தில் நிற்கிற ஃபோட்டோஸ் கண்ணை இழுத்து 'ஆர்' போட வைக்கும், நல்லதா இல்லையா என்று சொல்லப்படுவது க்வாலிட்டி, ஆகவே 'இஸ்'. 'த நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் எண்ணிக்கை, ஒருமை. 'ஏ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் பல மாணவர்கள், பன்மை. இங்கும் அடிக்கோடுதான் வைத்தியம். வினைக்கு முன்னால் எது உண்மையான எழுவாய் என்று கோடு போட்ட பிறகே கோடிட்ட இடத்தைத் தொடட்டும்.

ஆர்ட்டிக்கிளில் 'ஏ'யா 'ஆன்'னா என்ற குழப்பத்துக்கு நமக்குக் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. சொல்லை உச்சரிப்பின்படி தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்து என்றால் 'ஆன்', மெய்யோ உயிர்மெய்யோ என்றால் 'ஏ'. யுனிவர்சிட்டி ஆங்கிலத்தில் 'யு' என்ற வவலில் தொடங்கினாலும் தமிழில் 'யு' உயிர்மெய், ஆகவே ஏ யுனிவர்சிட்டி, ஏ யூரோப்பியன், ஏ யூஸ்ஃபுல் புக். மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் எச் இருந்தாலும் நாம் 'அவர்' என்றுதான் சொல்கிறோம், ஆகவே ஆன் அவர். அதே மாதிரி ஆன் ஆனஸ்ட் மேன், ஆன் எக்ஸ்ரே. இரண்டு இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். எம், எல் என்ற ஆங்கில எழுத்துகளின் பெயர்களை 'யெம்', 'யெல்' என்று இழுத்துச் சொல்கிற பழக்கம் நமக்கு உண்டு, அப்படி எழுதினால் கணக்கு தப்பிவிடும். ஒன்று என்ற எண்ணைத் தமிழில் 'ஒன்' என்று எழுதினாலும் அதன் ஒலி 'வன்', ஆகவே ஏ ஒன் டே மேட்ச். 'த' எங்கே வரும் என்பது வேறு பெரிய கதை, அதற்குப் படிக்கப் படிக்கத்தான் காது வரும். பரீட்சை அளவுக்கு, முதல் தடவை சொல்லும்போது 'ஏ', அதே பொருளை மறுபடி சொல்லும்போது 'த', உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்றால் 'த' என்பது முக்கால்வாசிக் கேள்விக்குப் போதும்.

வாய்ஸ் (செய்வினை, செயப்பாட்டுவினை), டிகிரி (ஒப்பிட்டுச் சொல்வது), 'நோ சூனர்' வந்தால் 'தேன்' மாதிரியான வாக்கிய மாற்றங்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். அவை அச்சு மாதிரி, பத்துப் பன்னிரண்டு தடவை எழுதினால் கைக்கு வந்துவிடும், மார்க்கும் சுலபமாக விழும்.

தப்புகளுக்கு ஒரு தனி நோட்டு வேண்டும். அதில் சரியான விடையை மட்டும் சிவப்பு மையில் எழுதி வைத்தால் பிரயோஜனம் இல்லை. முழு வாக்கியம், அவள் எழுதிய விடை, வர வேண்டியது, அதைத் தீர்மானித்த சொல், இவ்வளவும் இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும், தப்புகள் பக்கம் பக்கமாக இருந்தாலும் அவை திரும்பத் திரும்ப நான்கைந்து காரணங்களில்தான் வந்திருக்கும். முழு இலக்கணத்தையும் முதலிலிருந்து ரிவிஷன் செய்வதை விட அந்த நான்கைந்தைப் பிடிப்பது எவ்வளவோ சுலபம்.

அடுத்தது வார்த்தைகள். மறப்பது உங்கள் மகளின் குறை இல்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். மறதி ஆரம்பத்தில் மளமளவென்று நடக்கிறது, பிறகு வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. ஆகவே இருபது வார்த்தையை ஒரே மூச்சில் படித்துவிட்டு ஒரு வாரம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் பாதி போய்விடுவது இயல்புதான். இருபது வேண்டாம், ஒரு நாளைக்கு ஆறேழு போதும். ஆனால் அந்த ஆறேழு மறுநாளும், மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் திரும்ப வர வேண்டும்.

திரும்ப வருவது என்றால் திரும்பப் படிப்பது என்று நினைத்துவிடுவார்கள், அங்கேதான் நேரம் வீணாகிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள், இன்னொரு சாரார் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ், எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். 'இப்போதுதானே படித்தேன், எல்லாம் தெரியுது' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது, ஏன் அது பரீட்சை வரை நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. வார்த்தையின் அர்த்தத்தை மூடி வைத்துக்கொண்டு, கொஞ்சம் திணறி, தானே எடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிற நாலு விருப்பத் தேர்வுப் பயிற்சிகளிலும் இதே சிக்கல் உண்டு, விடை கண்ணெதிரே இருக்கிறது. அவற்றைப் போடுவதானால் விருப்பங்களைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் ஒரு விடை சொல்லட்டும், பிறகு கையை எடுக்கட்டும்.

செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பிரபலப்படுத்திய அட்டை முறை இதற்கு வசதியானது. சின்னச் சின்ன அட்டைகள், மூன்று டப்பாக்கள். புதிய அட்டை முதல் டப்பாவில், அதைத் தினமும் பார்ப்பது. சரியாகச் சொன்னால் இரண்டாவதுக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அங்கேயும் சரி என்றால் மூன்றாவது, வாரத்துக்கு ஒருமுறை. எந்த டப்பாவில் தப்பினாலும் திரும்ப முதல் டப்பா. தெரிந்த வார்த்தையை ஓயாமல் படித்து நேரம் போக்குவது இதில் தானாக நின்றுவிடும். செல்போனில் இதையே செய்கிற செயலிகள் இருக்கின்றன, ஆனால் இந்த வயதில் அட்டை எழுதுவதே ஸ்பெல்லிங் பயிற்சி என்பதால் நான் காகிதத்தின் பக்கம்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதும் முக்கியம். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ் அர்த்தம் என்று மட்டும் எழுதினால் பரீட்சைக்குப் பாதி உதவிதான். பரீட்சையில் வார்த்தை தனியாக வராது, வாக்கியத்தில் வரும், அங்கே அதன் அர்த்தம் மாறவும் செய்யும். 'ஃபைன்' என்றால் நல்லது என்று படித்தவள் 'த கோர்ட் இம்போஸ்ட் ஏ ஃபைன்' என்று வந்தால் என்ன செய்வாள்? ஆகவே முன்பக்கம் அந்தச் சொல் வரும் வாக்கியத்தை, சொல்லின் இடத்தில் கோடிட்டு எழுதட்டும், பின்பக்கம் சொல்லும் அதன் குடும்பமும் இருக்கட்டும். டிசைட் என்று ஒன்றைப் படித்தால் டிசிஷன், டிசைசிவ், டிசைசிவ்லி மூன்றும் கூடவே வர வேண்டும், 'சரியான வடிவத்தை எழுதுக' என்ற கேள்விக்கு இது அப்படியே உதவும். ஒரு சொல் எதனோடு ஒட்டும் என்பதையும் குறித்து வைக்கலாம். மிஸ்டேக்குக்கு 'மேக்', ஹோம்வொர்க்குக்கு 'டூ', ரெயினுக்கு 'ஹெவி', விண்டுக்கு 'ஸ்ட்ராங்'. ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது, வழக்கம் அவ்வளவுதான்.

எதிர்ச்சொல் கேள்விகளில் முன்னொட்டு குழப்பும். 'இன்' என்ற முன்னொட்டு பி, எம் ஒலிகளுக்கு முன்னால் 'இம்' ஆகிறது, எல்லுக்கு முன்னால் 'இல்', ஆருக்கு முன்னால் 'இர்'. இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர். மரம் என்பதோடு கள் சேர்ந்து மரங்கள் ஆகிற புணர்ச்சியைப் படித்த பிள்ளைக்கு இது புதுசே இல்லை, அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப முன்னால் இருப்பது வளைந்து கொடுக்கிறது. ஆனால் 'இன்' வந்தாலே எதிர்ப்பதம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பே இல்லாதது இல்லை, விலை மதிக்க முடியாதது. இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பிடிப்பது.

ஸ்டேஷனரி மாதிரி ஒரே ஒலியில் இரண்டு ஸ்பெல்லிங், இரண்டு அர்த்தம் உள்ள சொற்களை எழுதித்தான் பழக வேண்டும், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது பத்தி. மார்க் அதிகம் போவதும் இங்கேதான், வீட்டில் பயிற்சி குறைவாக நடப்பதும் இங்கேதான். 'புரிகிறது' என்று அவள் சொல்வது பொய் இல்லை. கதை புரிகிறது. கேள்வி கேட்பதோ அந்தக் கதையில் ஒரு குறிப்பிட்ட வரியை. ஒரு சின்ன மாதிரி பார்ப்போம், பத்தியின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

ஒரு சிறுமி தினமும் நூலகத்துக்கு வந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் போவாள், மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்று கேட்பாள். ஒரு நாள் நூலகர், அவளுக்குத் தெரியாமல், புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு காகிதத் துண்டைச் செருகிக் கொடுத்தார். மறுநாள் புத்தகம் வந்தது. காகிதம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது, ஒரு மயிரிழைகூட அசையவில்லை. நூலகர் புன்னகைத்துக்கொண்டே அடுத்த புத்தகத்தை எடுத்து நீட்டினார், இந்தத் தடவை படங்கள் நிறைந்த மெல்லிய புத்தகம்.

கேள்வி, நூலகர் எதைத் தெரிந்துகொண்டார்? விருப்பங்கள்: சிறுமிக்குப் படிப்பதில் மிகுந்த ஆர்வம், சிறுமி அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை, சிறுமி புத்தகங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்பவள், சிறுமி மீது அவருக்குக் கோபம். பல பேர் முதலாவதை எழுதுவார்கள், ஏனென்றால் பத்தி அப்படித்தான் தொடங்குகிறது, நூலகத்துக்குத் தினமும் வருகிற பிள்ளை என்றால் ஆர்வமுள்ள பிள்ளை என்று மனசு முதல் வரியிலேயே முடிவு கட்டிவிடுகிறது. மூன்றாவது இன்னும் சாமர்த்தியமான பொறி, அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் காகிதத்தை வைத்து அவர் சோதித்தது அதை இல்லை. கோபம் என்பதைப் புன்னகை அடித்துவிடுகிறது. மீதி இரண்டாவது. அதற்கு ஆதாரம் காகிதம் அசையாமல் இருந்த வரி, அதற்குத் துணை அவர் மெல்லிய படப் புத்தகத்துக்கு மாறியது. பத்தியில் எங்கேயும் 'அவள் படிக்கவில்லை' என்று எழுதியிருக்காது. இன்ஃபெரன்ஸ் என்று சொல்கிற கேள்வி இதுதான்.

வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். அவள் எந்த விடையைச் சொன்னாலும், சரியோ தப்போ, 'எந்த வரியில் இருக்கு, விரலை வை' என்று கேளுங்கள். விரல் வைக்க முடிந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம். முடியாமல் 'அப்படித்தான் தோணுது' என்றால் விடை சரியாகவே இருந்தாலும் மறுபடி தேடச் சொல்லுங்கள். அதோடு, மற்ற மூன்று விருப்பங்கள் ஏன் இல்லை என்பதற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லட்டும். தப்பு விருப்பங்களை எழுதுகிறவர்களுக்குச் சில வழக்கமான தந்திரங்கள் உண்டு. பத்தியின் சொற்களை அப்படியே எடுத்து வேறு அர்த்தத்தில் கோர்ப்பது ஒன்று, உலகத்தில் உண்மையாக இருக்கும், பத்தியில் இருக்காது என்கிற மாதிரி எழுதுவது ஒன்று, 'ஆல்வேஸ்', 'ஒன்லி', 'நெவர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சரியான கருத்தை மிகைப்படுத்துவது இன்னொன்று. ஒரு பத்து பத்தியில் தப்பு விருப்பங்களைப் பிரித்து மேய்ந்தால் இந்தத் தந்திரங்கள் பழகிய முகங்களாகிவிடும்.

கேள்விகளை முதலில் படிக்க வேண்டுமா, பத்தியை முதலில் படிக்க வேண்டுமா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் அபிப்பிராயம், கேள்விகளை மட்டும் ஒரு ஓட்டம் ஓட்டலாம், விருப்பங்களைப் படிக்கக் கூடாது. விருப்பங்களில் நான்கில் மூன்று பொய், அவற்றை மனசில் ஏற்றிக்கொண்டு பத்திக்குள் போனால் பத்தியே கோணலாகத் தெரியும். பிறகு பத்தியை நிறுத்தாமல் ஒரு முறை, அடுத்து கேள்வி ஒவ்வொன்றுக்கும் உரிய வரிக்குத் திரும்பி வந்து ஒரு முறை. படிக்கும்போது பென்சிலால் வட்டம் போட வேண்டியவை ஹவெவர், யெட், இன்ஸ்டெட், தேர்ஃபோர் போன்றவை, ஏனென்றால் பத்தி திசை திரும்புகிற இடத்தைச் சுற்றித்தான் கேள்வி வரும். 'இட்', 'தே', 'திஸ்' வந்தால் எதைக் குறிக்கிறது என்று அம்புக்குறி. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பத்தி புரியாமல் போகிற இடங்களைத் தோண்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் 'திஸ்' எதைச் சொல்கிறது என்பதில்தான் நூல் அறுந்திருக்கும்.

தெரியாத வார்த்தை வந்தால் நின்றுவிடக் கூடாது. 'டெஸ்பைட் ஹிஸ் அஃபேபிள் மேனர், ஃபியூ ட்ரஸ்டட் ஹிம்' என்று ஒரு வாக்கியம். அஃபேபிள் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். ஃபியூ என்றால் கிட்டத்தட்ட யாரும் இல்லை (ஏ ஃபியூ என்றால் சிலர், அந்த 'ஏ' போனால் அர்த்தமே கவிழ்ந்துவிடும்), ஆக அவனை யாரும் நம்பவில்லை. டெஸ்பைட் என்றால் 'இருந்தும்'. ஏதோ ஒன்று இருந்தும் நம்பவில்லை என்றால் அந்த ஏதோ ஒன்று நல்ல குணமாகத்தான் இருக்க வேண்டும். இனிமையாகப் பழகுகிறவன் என்ற துல்லியம் வராவிட்டாலும் பரவாயில்லை, நான்கு விருப்பங்களில் கெட்ட அர்த்தமுள்ள இரண்டை அடித்துவிட முடியும். அகராதியை அப்புறம் பார்த்துச் சரிபார்க்கட்டும். முதலில் ஊகம், பிறகு அகராதி, இந்த வரிசை முக்கியம், பரீட்சை அறையில் அகராதி இருக்காது.

இதிலெல்லாம் கெட்டிக்காரியாகிவிட்டாலும் ஒரு எல்லை உண்டு. 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் அந்த ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்கள், வாசிப்பில் கெட்டியான ஆனால் ஆட்டம் தெரியாத மாணவர்களை விட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்திருந்தால் பாஷை பாதி வழி விட்டுவிடுகிறது. ஆகவே பலதரப்பட்ட விஷயங்களைப் படிக்கட்டும், விண்வெளி, பூச்சிகள், பழங்கால வணிகம், விளையாட்டு, யாரோ ஒருவரின் வாழ்க்கை வரலாறு. தமிழில் படித்தாலும் இந்த லாபம் கிடைக்கும், ஆங்கிலப் பரீட்சைக்காகத் தமிழ் வாசிப்பை நிறுத்தச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஆங்கிலத்தில் படிக்கப் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணக்கு கைகொடுக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்களாவது தெரிந்திருந்தால்தான் யார் உதவியும் இல்லாமல் சரளமாகப் படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்பது சொல்வளம் பற்றிய ஆய்வுகளில் பரவலாக எடுத்தாளப்படும் அளவு. ஒரு பக்கத்தில் இருநூற்றைம்பது சொல் என்றால் தெரியாத சொல் ஐந்துக்குள். அதற்கு மேல் போனால் அந்தப் புத்தகத்தை ஆறு மாதம் தள்ளி வைக்கலாம். பெரிய புத்தகம் படித்தால்தான் ஆங்கிலம் வரும் என்று கஷ்டமானதைக் கையில் திணித்தால் அந்த நூலகச் சிறுமி மாதிரிதான் ஆகும்.

விடை எழுதும் விதத்திலும் மார்க் போகிறது. பத்தியிலிருந்து மூன்று வரியை அப்படியே எடுத்து எழுதிவிட்டால் விடை அதற்குள் எங்கோ இருக்கும் என்ற நம்பிக்கை பிள்ளைகளுக்கு. திருத்துகிறவருக்கு அது, இவளுக்கு எந்த வரி விடை என்று தெரியவில்லை என்றுதான் தெரியும். கேள்வியின் சொற்களைக் கொண்டே விடையைத் தொடங்கி, கேள்வி எந்தக் காலத்தில் இருக்கிறதோ அதே காலத்தில், ஒரு முழு வாக்கியம். 'வை' என்று கேட்டால் 'பிகாஸ்' வர வேண்டும். இரண்டு மார்க் என்றால் இரண்டு விஷயம். தலைப்பு கேட்டால், அது எல்லாப் பத்திகளையும் தாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது, முதல் பத்திக்கு மட்டும் பொருந்துகிற தலைப்புதான் வழக்கமான வழுக்கல்.

நேரம் என்று பார்த்தால் ஒரு நாளைக்கு அரைமணி, முக்கால் மணி போதும். அட்டைகள் தினமும் பத்து நிமிடம். மீதியில் ஒரு நாள் கலந்த இலக்கணத் தாள், மறுநாள் ஒரு பத்தி, இப்படி மாற்றி மாற்றி. ஞாயிற்றுக்கிழமை தப்பு நோட்டு. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கடிகாரத்தை வைத்துப் பழைய கேள்வித்தாள்களைப் போடட்டும், அதற்கு முன் கடிகாரம் வேண்டாம், காரணம் தேடுகிற பழக்கம் ஊன்றுவதற்குள் அவசரப்படுத்தினால் பழையபடி ஊகிக்கத் தொடங்கிவிடுவாள்.

உங்களுக்கு ஆங்கிலம் சுமார் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வேலைக்கு அது ஒரு குறையே இல்லை, சில சமயம் வசதியும்கூட. விடைப் பக்கத்தை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு 'ஏன் இது? எனக்குப் புரியவில்லை, தமிழில் சொல்லு' என்று கேட்டால் அவள் உங்களுக்கு விளக்கியே ஆக வேண்டும். ஆங்கிலம் தெரிந்த அப்பா அம்மா பாதி விளக்கத்திலேயே 'சரி சரி' என்று தலையாட்டிவிடுவார்கள்.

புத்தகம் வாங்குவதைப் பற்றி. இப்போதைக்கு வேண்டாம், இருக்கிற புத்தகத்தின் வாக்கியங்களைக் கலந்து போட்டாலே சில மாதத்துக்கு வரும். அது தீர்ந்த பிறகு வாங்குவதானால் எத்தனை பயிற்சி இருக்கிறது என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். கடைசிப் பக்கங்களைத் திறந்து, விடை மட்டும் வரிசையாக இருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாவது காரணம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.